காணாமல் போன 4: ஹில்பெர்ட் வெளியில் ஒரு செயலியின் சார்பகம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். எம்.எஸ்ஸி. முதலாண்டு மாணவர்களுக்குக் குவாண்டம் இயக்கவியல் எடுத்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"சார், ஒரே கணக்கை ரெண்டு வழியில போட்டேன். ஒண்ணுல 4 வருது, இன்னொண்ணுல 0 வருது."

"எங்கயாவது தொகையீட்டுல தப்பு விட்டிருப்பம்மா. மறுபடி போட்டுப் பாரு."

அடுத்த வாரம் மூன்று பக்கம் அழகாக எழுதிக்கொண்டு வந்தாள். வரிவரியாகப் பார்த்தேன். தப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. அதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. "பரீட்சையில முதல் வழியிலயே எழுதிடு. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவள் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அவள் கணக்கில் தப்பே இல்லை. தப்பு, நான் சொல்லிக்கொடுத்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அது எந்த வாக்கியம், அதில் என்ன கோளாறு என்பதுதான் இந்தக் குறிப்பு. பிளஸ் டூ அளவுக்கு வகையிடல், தொகையிடல், அணிப் பெருக்கல் தெரிந்திருந்தால் போதும், கூடவே வரலாம்.

கணக்கு இதுதான்

ஒரு துகள் 0-க்கும் 1-க்கும் நடுவில், இரண்டு பக்கமும் தாண்டவே முடியாத சுவர்களுக்குள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. துகள் இருக்கும் இடத்தை 'இ' என்று வைத்துக்கொள்வோம். அதன் நிலையைச் சொல்லும் சார்பை 'ச' என்போம். சுவரைத் தொடும் இடத்தில் சார்பு பூஜ்ஜியமாகிவிட வேண்டும். இதற்குப் பொருந்துகிற மிக எளிய சார்பு:

ச = இ × (1 − இ)

ஆற்றலைக் கொடுக்கும் செயலியை 'ஆ' என்போம். பிளாங்க் மாறிலி, நிறை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டால் அது செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: கொடுத்த சார்பை இரண்டு முறை வகையிட்டு, முன்னால் ஒரு கழித்தல் குறி போடும். ச-வை இரண்டு முறை வகையிட்டால் −2. ஆக, ஆ(ச) = 2. வெறும் மாறிலி.

இப்போது ஆற்றலின் சராசரி. ச-வையும் ஆ(ச)-வையும் பெருக்கித் தொகையிட்டால் 1/3. ச-வின் வர்க்கத்தைத் தொகையிட்டால் 1/30. வகுத்தால் 10. இந்தப் பெட்டியில் சாத்தியமான மிகக் குறைந்த ஆற்றல் பையின் வர்க்கம், அதாவது சுமார் 9.87. பத்து அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. இதுவரை எல்லாம் சரி.

அடுத்தது ஆற்றல் வர்க்கத்தின் சராசரி. இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

முதல் வழி: ஆ(ச)-வை அதோடேயே பெருக்கித் தொகையிடுவது. 2 × 2 = 4. அதை 1/30-ஆல் வகுத்தால் 120. சராசரியின் வர்க்கமான 100-ஐக் கழித்தால் விலக்க வர்க்கச் சராசரி 20. நியாயமான விடை.

இரண்டாவது வழி: ச-வின் மேல் ஆ-வை இரண்டு தடவை செயல்படுத்தி, அதை ச-வோடு பெருக்கித் தொகையிடுவது. ஆ(ச) = 2. மாறிலியை வகையிட்டால் பூஜ்ஜியம். எனவே ஆ(ஆ(ச)) = 0, சராசரியும் 0. விலக்க வர்க்கச் சராசரி −100!

வர்க்கங்களின் சராசரி எப்படிங்க மைனஸில் போகும்? போகாது. ஆனால் "ஆ ஹெர்மீசியன் செயலி, அதனால் உள்பெருக்கத்தில் அதை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றலாம்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது நான்தான். அந்த விதிப்படி இரண்டு வழியும் ஒரே விடையைத் தந்தாக வேண்டும். ஒன்றில் 4 வந்தது, இன்னொன்றில் 0. அந்த 4 எங்கே போனது?

அணியிலிருந்து செயலிக்கு

கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குவோம். மூன்று எண்கள் கொண்ட ஒரு திசையனை எடுங்கள். அதற்கு நீளம் உண்டு. இரண்டு திசையன்களுக்கு நடுவில் கோணம் உண்டு. இரண்டையும் புள்ளிப் பெருக்கல் ஒன்றை வைத்தே கணக்கிட்டுவிடலாம். மூன்று எண்ணுக்குப் பதிலாக முடிவில்லாத எண் வரிசையை எடுத்துக்கொண்டு, வர்க்கங்களின் கூட்டல் முடிவுள்ளதாக இருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டால், நீளமும் கோணமும் அப்படியே கூட வரும். எண் வரிசைக்குப் பதிலாகச் சார்பு, கூட்டலுக்குப் பதிலாகத் தொகையீடு என்று மாற்றினாலும் இதே கதைதான். மேலே நாம் 'பெருக்கித் தொகையிட்டது' எல்லாமே உள்பெருக்கம்தான். (கலப்பெண் சார்பு என்றால் ஒன்றின் இணைக் கலப்பெண்ணை எடுத்துப் பெருக்க வேண்டும்.) இதோடு 'நெருங்கிக்கொண்டே போகும் தொடர்கள் போய்ச் சேர உள்ளேயே ஓர் இடம் இருக்க வேண்டும்' என்ற நிறைவு நிபந்தனையையும் சேர்த்தால் கிடைப்பது ஹில்பெர்ட் வெளி. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் டேவிட் ஹில்பெர்ட் தொகையீட்டுச் சமன்பாடுகளில் செய்த வேலையிலிருந்து வந்த பெயர் இது.

நேரியல் செயலி என்பது ஒரு திசையனை வாங்கி இன்னொரு திசையனைக் கொடுக்கும் விதி. இரண்டைக் கூட்டிவிட்டுக் கொடுத்தாலும், தனித்தனியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கூட்டினாலும் ஒரே விடைதான் வர வேண்டும். மூன்று பரிமாணத்தில் இது 3 × 3 அணி. அந்த அணியை நிரை நிரலாக, நிரல் நிரையாக மாற்றி, கலப்பெண்களுக்கு இணையெண் எடுத்தால் கிடைப்பதை 'இணைச் செயலி' என்று வைத்துக்கொள்வோம். உள்பெருக்கத்தில் ஒரு செயலியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினால் அது தன் இணைச் செயலியாக மாறிப் போய் உட்காரும். ஒரு செயலியும் அதன் இணையும் ஒன்றேயானால் அது ஹெர்மீசியன். அதன் ஐகன் மதிப்புகள் எல்லாம் மெய்யெண்கள்.

அணிகளோடு நிறுத்திக்கொண்டால் இதில் ஒரு ஓட்டையும் இல்லை. பரிமாணம் முடிவிலிக்குப் போகும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது.

முடிவிலியில் என்ன மாறுகிறது?

முதல் மாற்றம். முடிவில்லாத வரிசையில் உள்ள எண்களை ஒவ்வொரு இடம் வலப்பக்கம் தள்ளி, முதல் இடத்தில் 0 போடுங்கள். இதற்கு நகர்த்தல் செயலி என்று பெயர். நீளம் கொஞ்சமும் மாறாது. எதுவும் தொலையவும் இல்லை. ஆனாலும் முதல் இடத்தில் 0 அல்லாத எண்ணைக் கொண்ட எந்த வரிசையையும் இது ஒருநாளும் விடையாகத் தராது. நீளம் மாறாத சதுர அணி என்றால் அதற்கு நேர்மாறு கட்டாயம் உண்டு. இங்கே நீளம் மாறவில்லை, நேர்மாறும் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இரண்டாவது மாற்றம் வரம்பு. எந்த அணியை எடுத்தாலும், அது ஒரு திசையனை எத்தனை மடங்குதான் நீட்டும் என்பதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கும். முடிவிலியில் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நம் பெட்டிக்குள் சைன் வடிவில் ஒரு அரை அலை, இரண்டு அரை அலை, நூறு அரை அலை என்று போட்டுக்கொண்டே போங்கள். எல்லாவற்றுக்கும் நீளம் ஒன்றுதான். ஆனால் வகையிட்டால் முதலாவது பை மடங்கு நீளும், நூறாவது 100 பை மடங்கு நீளும். ஆகவே வகையிடல் ஒரு வரம்பற்ற செயலி.

"வரம்பற்ற செயலி எதுக்குங்க? வரம்புள்ளதை மட்டும் வச்சுப் பிழைச்சுக்கலாமே?" என்று கேட்கலாம். குவாண்டம் இயக்கவியல் விடாது. 1925-இல் ஹைசன்பர்க், போர்ன், ஜோர்டான் ஆகியோரின் கையில் உருவான அடிப்படை விதி இது: இடச் செயலி 'இ', உந்தச் செயலி 'உ' இரண்டையும் வரிசை மாற்றிப் பெருக்கிக் கழித்தால், அதாவது இ × உ − உ × இ என்று போட்டால், பூஜ்ஜியம் இல்லாத ஒரு எண்தான் மிஞ்ச வேண்டும்.

அணிகளால் இதைச் செய்யவே முடியாது. எந்த இரண்டு அணிகளை எடுத்தாலும், இப்படிக் கழித்து வரும் அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால் 0 வரும். அலகு அணியின் மூலைவிட்டக் கூட்டலோ 0 இல்லை. கதை முடிந்தது. சரி, முடிவிலியில் வரம்புள்ள செயலிகள்? அதுவும் முடியாது என்று 1947-இல் விண்ட்னரும், 1949-இல் வேறு வழியில் வீலாண்ட்டும் நிறுவினார்கள். வீலாண்ட்டின் வழி ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். மிஞ்சும் எண்ணின் அளவு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விதியையே திரும்பத் திரும்பப் போட்டால், உ-வுக்குப் பதிலாக உ-வின் 50-ஆம் அடுக்கை வைக்கும்போது மிஞ்சுவது, அதன் 49-ஆம் அடுக்கைப் போல 50 மடங்கு. பெருக்கலின் அளவு, அளவுகளின் பெருக்கலை மிஞ்சாது என்பதைப் பயன்படுத்தினால், 50 என்ற எண் 'இ-யின் அளவு × உ-வின் அளவு × 2' என்பதைத் தாண்ட முடியாது என்று வரும். 50-க்குப் பதில் ஆயிரம், கோடி என்று எதை வேண்டுமானாலும் போடலாம். எல்லா எண்ணையும் விடப் பெரிய ஒரு எண் இருந்தாக வேண்டும் என்றாகிவிடுகிறது. அப்படி ஒன்று இல்லை. ஆகவே இரண்டில் ஒன்றாவது வரம்பற்றதாக இருந்தே ஆக வேண்டும்.

சார்பகம் என்ற சின்ன எழுத்து நிபந்தனை

வரம்பற்ற செயலி வந்த உடனே அடுத்த நெருக்கடி. 1910-இல் ஹெலிங்கரும் டோப்ளிட்ஸும் நிறுவிய ஒரு தேற்றம் உண்டு. உள்பெருக்கத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிப் போட அனுமதிக்கும் ஒரு செயலி, வெளியில் இருக்கும் எல்லாத் திசையன் மேலும் செயல்படும் என்றால், அது தானாகவே வரம்புள்ளதாகிவிடும். திருப்பிச் சொன்னால், வரம்பற்ற ஹெர்மீசியன் செயலிக்கு எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது. அது எந்தெந்தத் திசையன்களை வாங்கிக்கொள்ளும் என்று ஒரு பட்டியல் போட்டே ஆக வேண்டும். அந்தப் பட்டியல்தான் சார்பகம்.

நாம் பொதுவாக 'செயலி' என்று சொல்லும்போது விதியை மட்டும்தான் சொல்கிறோம்: "இரண்டு முறை வகையிடு, கழித்தல் குறி போடு". கடன் பத்திரத்தில் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனை மாதிரி, சார்பகத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன். விதி பாதிச் செயலி. விதியும் சார்பகமும் சேர்ந்ததுதான் முழுச் செயலி. விதி ஒன்றாகவே இருந்தும் சார்பகம் மாறினால், அவை வேறு வேறு செயலிகள். ஐகன் மதிப்பிலிருந்து எல்லாமே மாறும்.

4 எங்கே இருந்தது?

இப்போது நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்புவோம். பெட்டிக்குள் இருக்கும் ஆற்றல் செயலியின் சார்பகம் இதுதான்: இரண்டு முறை வகையிட்டு வருவதின் நீளம் முடிவுள்ளதாக இருக்க வேண்டும், கூடவே இரண்டு சுவரிலும் சார்பு 0 ஆக வேண்டும். ச-வுக்கு இரண்டும் பொருந்துகிறது. ஆனால் ஆ(ச) என்ன? 2 என்ற மாறிலி. அது சுவரில் பூஜ்ஜியமா? இல்லை, அங்கேயும் 2 தான். ஆகவே அது சார்பகத்துக்கு வெளியே நிற்கிறது. ஆ(ஆ(ச)) என்று எழுதவே நமக்கு உரிமை இல்லை. "2-ஐ வகையிட்டால் 0" என்பது வகைநுண்கணிதத்தில் சரி. ஆனால் அங்கே வேலை செய்தது ஆ என்ற செயலி இல்லை. அதே முகச்சாயலில் இருக்கும் இன்னொரு ஆள்.

பகுதித் தொகையிடலை நிதானமாகப் போட்டால் இது கண்ணிலேயே தெரியும். ஆ-வை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும்போது, பகுதித் தொகையிடல் இரண்டு முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் எல்லைப் புள்ளிகளில் ஒரு மிச்சம் விழும். இரண்டு சார்புகளும் சுவரில் 0 என்றால் மிச்சமும் 0, மாற்றுவது சரி. இங்கே ஒரு சார்பு ச, இன்னொன்று மாறிலி 2. ச சுவரில் 0 தான், ஆனால் அதன் சாய்வு 0 இல்லை: இடது சுவரில் 1, வலது சுவரில் −1. சாய்வை 2-ஆல் பெருக்கி, வலது எல்லையிலிருந்து இடது எல்லையைக் கழித்தால் −2 − 2 = −4.

அந்த 4 எங்கேயும் போகவில்லை. இடது சுவரில் 2, வலது சுவரில் 2 என்று உட்கார்ந்திருந்தது. "ஹெர்மீசியன், மாற்றலாம்" என்று ஒரு வரியில் தாண்டிப் போனபோது நான் தூக்கிப் போட்டது இந்த எல்லை மிச்சத்தைத்தான்.

வேறு ஒரு பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். ச-வை சைன் அலைகளின் கூட்டலாகப் பிரியுங்கள். ஒற்றைப்படை அலைகள் மட்டும்தான் வரும். துகளின் ஆற்றலை அளந்தால் முதல் மட்டம் கிடைக்கும் வாய்ப்பு 960-ஐப் பையின் ஆறாம் அடுக்கால் வகுத்தது, சுமார் 99.86 சதவீதம். மூன்றாம் மட்டத்தின் வாய்ப்பு அதில் 729-இல் ஒரு பங்கு, ஐந்தாவதுக்கு 15,625-இல் ஒரு பங்கு. இந்த வாய்ப்புகளை வைத்து ஆற்றலின் சராசரி போட்டால் சரியாக 10 வரும். வர்க்கத்தின் சராசரி போட்டால் சரியாக 120. வகையிடல், எல்லை, இடம் மாற்றல் எதுவும் இல்லாமல் வெறும் கூட்டலிலேயே வருகிறது.

இதே கூட்டலில் இன்னொரு வேடிக்கையும் இருக்கு. ஆற்றலின் மூன்றாம் அடுக்குக்குச் சராசரி போட்டுப் பாருங்கள். அடுக்குகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஒற்றைப்படை அலையும் 960 தரும். 960 + 960 + 960 என்று முடிவே இல்லாமல் போகும். சராசரி முடிவிலி! ஆனால் விதியை மட்டும் நம்பி, சார்பகத்தைப் பார்க்காமல் போட்டால் "0" என்று அமைதியாக ஒரு விடை வந்து நிற்கும். முடிவிலி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம். −100 வந்தால் தப்பு என்று நமக்கே உறைக்கும். 0 வந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சமச்சீர் வேறு, தன்னிணை வேறு

என் வாக்கியத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. 'ஹெர்மீசியன்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்களை அடைத்து வைத்திருந்தேன். அதைப் பார்க்க உந்தச் செயலிக்குப் போவோம். அதன் விதி: ஒருமுறை வகையிட்டு, கற்பனை அலகால் பெருக்கி, கழித்தல் குறி போடு. அதே 0 முதல் 1 வரை.

சார்பகம்: இரண்டு முனையிலும் 0 ஆகும் சார்புகள். பகுதித் தொகையிடல் ஒருமுறை, எல்லை மிச்சம் 0. ஆகவே சார்பகத்துக்குள் உள்ள எந்த இரண்டு சார்புக்கும் பக்கம் மாற்றலாம். இதற்குப் பெயர் சமச்சீர் செயலி. அப்படியானால் எல்லாம் சுபம்தானே?

இல்லை. எல்லை மிச்சம் 0 ஆவதற்கு இரண்டு சார்பில் ஒன்று முனையில் 0 ஆனாலே போதும். மற்றது என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே இதன் இணைச் செயலி, முனையில் நிபந்தனையே இல்லாத சார்புகளையும் வாங்கிக்கொள்ளும். விதி ஒன்று, சார்பகம் பெரிது. செயலியும் இணையும் ஒன்று இல்லை. சார்பகம் உட்பட இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தால் மட்டுமே தன்னிணைச் செயலி.

இந்த வித்தியாசத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். முனையில் 0 ஆகும் உந்தச் செயலிக்கு ஐகன் மதிப்பு ஒன்றுகூடக் கிடையாது. ஏனென்றால் ஐகன் சார்பு அடுக்குக்குறிச் சார்பாக இருக்க வேண்டும், அடுக்குக்குறிச் சார்பு எங்கேயும் 0 ஆகாது. அதன் இணைச் செயலிக்கோ நிபந்தனையே இல்லாததால் ஒவ்வொரு கலப்பெண்ணும் ஐகன் மதிப்பு! ஒரு பக்கம் பஞ்சம், மறுபக்கம் வெள்ளம். "ஐகன் மதிப்புகள் மெய்யெண், ஐகன் சார்புகள் முழு வெளியையும் நிரப்பும்" என்ற பாடப்புத்தக வாக்குறுதி இரண்டுக்கும் பொருந்தவில்லை.

நடுவில் ஒரு சமரசம் உண்டு. வலது முனையின் மதிப்பு, இடது முனையின் மதிப்பை அளவு 1 உள்ள ஒரு நிலையான கலப்பெண்ணால் பெருக்கியதாக இருக்கட்டும். இப்போது இரண்டு முனை மிச்சமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இணைச் செயலியும் இதே நிபந்தனையைத்தான் கேட்கும். தன்னிணை கிடைத்துவிட்டது. அந்தக் கலப்பெண் அலகு வட்டத்தின் மேல் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே ஒரு வட்டம் நிறைய உந்தச் செயலிகள். ஒவ்வொன்றின் ஐகன் மதிப்புகளும் வேறு வேறு. இது கணிதக்காரர்களின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி, அந்த வளையத்தின் ஓட்டை வழியாகக் காந்தப் பாயத்தைச் செலுத்தினால், மின்னூட்டமுள்ள துகளுக்கு இந்தக் கலப்பெண்ணைத்தான் நாம் திருகுகிறோம். அஹரனோவ், போம் இருவரும் 1959-இல் எழுதிய விளைவின் உள்ளே இருப்பது இதுதான்.

இதனால் யாருக்கு என்ன?

தன்னிணைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? 1930-களின் தொடக்கத்தில் மார்ஷல் ஸ்டோன் பெயரால் வந்த தேற்றம் இதற்குப் பதில் சொல்கிறது. ஒரு செயலி தன்னிணையாக இருந்தால், அது ஒரு நகர்வை உண்டாக்கும். அந்த நகர்வில் நீளம் மாறாது, முன்னாலும் போகலாம், பின்னாலும் வரலாம். அப்படிப்பட்ட ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னாலும் ஒரே ஒரு தன்னிணைச் செயலி இருக்கும். குவாண்டத்தில் நீளம் என்றால் மொத்த வாய்ப்பு. அது 100 சதவீதத்திலேயே நிற்க வேண்டும் என்றால், சமச்சீர் மட்டும் போதாது, தன்னிணை வேண்டும்.

உந்தம் உண்டாக்கும் நகர்வு, அலையை அப்படியே பக்கவாட்டில் தள்ளுவது. 0 முதல் 1 வரை உள்ள பெட்டியில் வலப்பக்கம் தள்ளினால், வலது முனையில் வெளியே போனது எங்கே போகும்? இடது முனை வழியாகத் திரும்ப உள்ளே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்பு தொலையும். வரும்போது கட்டம் கொஞ்சம் திரும்பி வரலாம். அந்தத் திருப்பம்தான் மேலே பார்த்த கலப்பெண்.

இப்போது பெட்டியைப் பாதி திறந்துவிடுங்கள். 0-வில் ஆரம்பித்து வலப்பக்கம் முடிவில்லாமல் போகும் அரைக்கோடு. வலப்பக்கம் தள்ளுவது சுலபம், இடமா இல்லை? இடப்பக்கம் தள்ளினால் 0-வில் முட்டி வெளியே விழுவதற்குத் திரும்பி வர வழியே கிடையாது. ஞாபகம் இருக்கா, ஆரம்பத்தில் பார்த்த நகர்த்தல் செயலி? அதே ஆள்தான். போக வழி உண்டு, நேர்மாறு இல்லை. ஆகவே அரைக்கோட்டில் தன்னிணை உந்தச் செயலி என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்த எல்லை நிபந்தனை போட்டாலும் வராது.

இதைப் படம் போடாமல் எண்ணியே கண்டுபிடிக்க ஜான் ஃபான் நாய்மன் 1929-30 வாக்கில் ஒரு வழி கொடுத்தார். இணைச் செயலிக்குக் கற்பனை அலகு ஐகன் மதிப்பாக எத்தனை விதத்தில் வருகிறது, அதன் எதிர்மறை எத்தனை விதத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் தன்னிணையாக விரிக்க முடியும், சமமில்லை என்றால் முடியாது. நம் உந்தத்துக்கு அந்த இரண்டு சார்புகள், தேய்ந்துகொண்டே போகும் அடுக்குக்குறிச் சார்பும் வளர்ந்துகொண்டே போகும் அடுக்குக்குறிச் சார்பும். பெட்டிக்குள் இரண்டுக்கும் நீளம் முடிவுள்ளது: 1, 1. சமம், விரிக்கலாம். அரைக்கோட்டில் தேய்வது மட்டும்தான் தேறும்: 1, 0. முடியாது. முழுக்கோட்டில் இரண்டுமே தேறாது: 0, 0. சமம், அதுவும் ஒரே ஒரு வழிதான். பாடப்புத்தகங்கள் முழுக்கோட்டிலேயே பெரும்பாலும் உலவுவதால்தான் இந்தச் சிக்கல் கண்ணில் படுவதில்லை.

பீட்டர் லாக்ஸ் தன் பாடநூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். 1960-களில் கணிதவியலாளர் ஃபிரீட்ரிக்ஸ் ஹைசன்பர்க்கைச் சந்திக்கிறார். செயலிகளின் அழகான கணிதம் பிறக்கக் குவாண்டம் இயக்கவியல் காரணமாக இருந்ததற்கு நன்றி சொல்கிறார். பதிலுக்குக் கணிதக்காரர்களும் கொஞ்சம் உதவியிருக்கிறோம், சமச்சீருக்கும் தன்னிணைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கியது ஃபான் நாய்மன்தானே என்கிறார். அந்த இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று ஹைசன்பர்க் கேட்டாராம்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவருக்கே தேவைப்படவில்லை, எனக்கென்ன என்று. அப்புறம் யோசித்தால் ஆறுதல் நிற்கவில்லை. அவர் காலத்தில் அணுக்களின் ஆற்றல் செயலி தன்னிணையா என்று நிறுவும் வேலையை வேறொருவர் செய்ய வேண்டியிருந்தது. டோசியோ காடோ செய்தார், 1951-இல் வெளிவந்தது. அது வந்த பிறகுதான், அணுவுக்கு எழுதிய சமன்பாட்டில் வாய்ப்பு எந்தக் காலத்திலும் தொலையாது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. யாரோ ஒருவர் பொடி எழுத்தைப் படித்ததால்தான் மற்றவர்கள் படிக்காமல் பிழைக்கிறார்கள்.

என்னிடம் வந்த மாணவி பொடி எழுத்தைப் படிக்கவில்லைதான். ஆனால் அங்கே ஏதோ எழுதியிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு விடை வந்தபோது, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்காமல், இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அரைப் பக்கம்கூட வராது: "ஆ(ச) சுவரில் பூஜ்ஜியமா என்று பாரு. எல்லை மிச்சத்தைக் கணக்கிடு. −4 வரும்." இதைச் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. அது பெரிய குற்றம் இல்லை. "தெரியலம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லத் தெரிந்திருந்தும் சொல்லாமல் போனதுதான் தப்பு.

நீங்கள் யாருக்காவது பாடம் எடுப்பவராக இருந்தால், இ × (1 − இ) கணக்கை ஒருமுறை வகுப்பில் இரண்டு வழியிலும் போட்டுக் காட்டுங்கள். −100 வரும். கொஞ்ச நேரம் அதை அழிக்காமல் பலகையிலேயே விட்டு வையுங்கள்.